வாசகர் கேள்வி – பதில்: நின்றால் சூடாகும் பழைய கார்

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. சேலம் – ஆத்தூர் சாலையில் 70 கி.மீ. வேகத்தில் போனால் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. ஊருக்குள் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால், மலை ஏறும்போதும் நெடுந்தூரம் வேகமாக ஓட்டும்போதும்தான் முள் ஏறும். உங்கள் காரில் அப்படி இல்லை.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினைச் சும்மா ஓட விடுங்கள். முள் நடுவைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். சூடு ஏறினால் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்ச் உங்கள் காரில் இருந்தால், அதில் இரண்டு ஒயர் வரும். அந்த சாக்கெட்டைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் சிறு ஒயர் துண்டால் இணையுங்கள். ஃபேன் உடனே சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே எல்லாம் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச்தான் போய்விட்டது என்று அர்த்தம். சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், இக்னிஷனை அணைத்துவிட்டு மோட்டார் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் சுற்றாமல், குச்சியால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றுகிறதா? மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேராகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது என்றால் ரிலேயையும் எர்த் ஒயரையும் பாருங்கள். எர்த் முனையில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டி இறுக்குங்கள்.

ஃபேன் சுற்றியும் சூடு குறையாத கார்களும் உண்டு. அதற்கு ஒரு சோதனை. ஃபேன் சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். இந்தக் காரில் ஃபேன் பின்னால் இருந்து காற்றை இழுக்கிறது, அதனால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாறாக விலகிப் பறந்தால், மோட்டார் மாற்றும்போது ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. லேசாகத்தான் ஒட்டுகிறது என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்களில் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, உட்பக்கமிருந்து வெளியே தள்ளுகிறபடி தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதீர்கள். மேலே 0.9 என்று இருந்தால் அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். மேல் ஹோஸ் பைப்பைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, தொட்டாலும் சுடாமல் இருந்தால்தான் மூடியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே வராது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். சரியா?

பதில்: தவறு. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் ஆயிலில் கலக்கும், மைலேஜ் குறையும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். பழைய வால்வு கையில் இருந்தால் சோதித்துப் பாருங்கள். பாத்திரத்துத் தண்ணீரில், அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்த வால்வு அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். மாட்டும்போது அதிலுள்ள சிறு காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகிறது?

பதில்: மூன்று இடம் பாருங்கள். வாட்டர் பாடியின் (தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின்) அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கே பழுப்புக் கறை வழிந்திருந்தால் சீல் போய்விட்டது, சூட்டில் தண்ணீர் சொட்டுவதற்குள் ஆவியாகிறது. அடுத்தது ஹீட்டர். முன் சீட்டின் கால்மிதி ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். மூன்றாவதுதான் பெரிய செலவு, ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழ்கள் சிக்கிய காற்றாக இருக்கலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்தாலும், வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலும் அதே சந்தேகம்தான். அதன் பிறகு காரை ஓட்டாதீர்கள். ஹெட் அலுமினியம், வளைந்துவிடும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். நேர்விளிம்புக் கட்டையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டை அளந்து, வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: போர் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: கூடாது. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் அடர்த்தியான கூலன்ட்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். ஊற்றும்போது ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி, காரின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, குமிழ் அடங்கும்வரை மேல் ஹோஸை விட்டுவிட்டு அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். வடித்த பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ தொடாதபடி உடனே கேனில் மூடிவையுங்கள்.