தேவாரத்துக்குக் காசா?

வணக்கம் ஐயா,

நான் கொழும்பில் ஒரு பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறேன். மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தால் மூன்றிலிருந்து ஏழு வரை வீட்டில் வகுப்பு. இரவு பத்தரைக்கு லண்டன் பிள்ளைகளுக்குச் சூமில் வகுப்பு. மாமியாருக்குச் சுகமில்லை. இரவு வகுப்பை விடச்சொல்லிக் கணவர் நாளாந்தம் சண்டை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், "உங்களோட கதைக்கிறதெண்டா நானும் பீஸ் கட்ட வேணுமோ அம்மா?" என்று கேட்கிறாள். தனக்குச் சங்கீதம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள்.

என்னோடு படித்த இருவர் கொழும்பில் இருக்கிறார்கள். ஒருத்தி வயலின். மற்றவள் தெஹிவளையில் வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தாள். அன்று ஒரு நூல் வெளியீட்டில் கடவுள் வாழ்த்துப் பாட வரச்சொல்லிக் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. வேலை, வீடு, சிநேகிதம் எல்லாவற்றையும் கொண்டிழுக்க ஏலவில்லை. எதை விடுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் மின்னஞ்சல் வந்த நேரத்தைப் பார்த்தேன். இரவு பன்னிரண்டே முக்கால். அதற்குப் பிறகு எத்தனை மணிக்குப் படுத்தீர்களோ, ஐந்துக்கு எழும்பியிருப்பீர்கள். காலையில் அந்தத் தொண்டையோடுதான் சரளி வரிசை.

இப்படியான கடிதங்களுக்குத் தனியே பதில் போட்டுவிடுவது என் வழக்கம். இதை இங்கே போடுவதற்குக் காரணம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "கடவுள் வாழ்த்துப் பாட வரச்சொல்லிக் கேட்டார்கள், மறுக்க முடியவில்லை." அந்தக் கிழமைதான் நானும் ஒரு வெளியீட்டு விழாவுக்குப் போய் இதே எரிச்சலோடு திரும்பியிருந்தேன். அழைப்பிதழில் நாலு மணி. பாடுகிற ஆசிரியையை மூன்றரைக்கே வரச்சொல்லியிருக்கிறார்கள். அவர் கைத்தொலைபேசியில் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டு முன்வரிசை ஓரக் கதிரையில் இருந்தார். பிரதம விருந்தினர் வர ஐந்து மணி. மங்கல விளக்கை ஒரு பட்டாளமே ஏற்றியது. பிறகு இவரைக் கூப்பிட்டு, "நேரம் போச்சு ரீச்சர், ஒரு பாட்டுக் காணும்" என்றார்கள். உயரமான அறிவிப்பாளருக்கு ஏற்றி வைத்த ஒலிவாங்கியை ஒருவரும் இறக்கிக் கொடுக்கவில்லை. எட்டி நின்று பாடினார். நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரருக்கும் சிற்றுண்டிக்காரருக்கும் பெயர் இருந்தது. இவர் வெறும் "கடவுள் வாழ்த்து இசைத்த ஆசிரியை".

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாமியாருக்குச் சுகமாகட்டும். கணவரிடம் சொல்லுங்கள், நீங்கள் வகுப்பில் இருக்கும்போது அவர் ஒரு பானை சோறு வைத்தால் சண்டைக்கு நேரம் இருக்காது என்று. மகளுக்குச் சங்கீதம் வேண்டாமென்றால் விடுங்கள், ரீச்சரின் பிள்ளை பாடத்தான் வேண்டுமென்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் அந்த பீஸ் கேள்வியை மறக்காதீர்கள். உங்கள் வீட்டில் கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

லண்டன் வகுப்பை ஏன் விட வேண்டும்? வீட்டு வாடகைக்கு உதவுவது அதுவாகத்தான் இருக்கும். நேரத்தை மாற்றுங்கள். லண்டனில் சனிக்கிழமை காலை ஒன்பது என்றால் எங்களுக்குக் கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? நீச்சலும் பந்தும் போக மிஞ்சிய நேரத்தைத் தாய்தகப்பன் சங்கீதத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அந்த மிச்சத்துக்காக நீங்கள் நித்திரை முழிக்கிறீர்கள். ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பினால் உங்கள் பத்தரை பதினொன்றரை ஆகும். அதையும் சிரித்துக்கொண்டு ஏற்பீர்கள், எனக்குத் தெரியும்.

இனி அந்தக் கடவுள் வாழ்த்து. பாடுவது மூன்று நிமிடம். சேலை உடுத்து, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய், காத்திருந்து, இடையில் எழும்பினால் மரியாதையில்லை என்று ஏற்புரை முடியும் வரை இருந்து, வடை தின்று, பிளேன்ரீ குடித்து வீடு வர ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மண்டபத்துக்கு வாடகை. அழைப்பிதழ் அடித்தவருக்கு, மாலை கட்டியவருக்கு, வீடியோ எடுத்தவருக்கு, அந்த வடையைச் சுட்டவருக்கு எல்லாம் காசு. மேடையில் பேசுகிற எங்களைப் போன்றவர்களுக்குக் காசில்லைத்தான். ஆனால் நாங்கள் கூப்பிடாவிட்டால் கோபிக்கிற சாதி, எங்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். உங்களுக்குக் கிடைப்பது சில இடங்களில் ஒரு பொன்னாடை. அதைத் தலையணை உறையாகக்கூடத் தைக்க முடியாது, கன்னத்தில் உரசும்.

நூல் வெளியீடு மட்டுமா? பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு, நவராத்திரிக்கு வங்கி, அலுவலகம், கோயில், கலியாண வீட்டில் வாழ்த்து. (செத்த வீட்டில் பாடும் திருப்பொற்சுண்ணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கூப்பிடாமலே போகிறோம், அது வேறு.)

"தேவாரத்துக்குக் காசு வாங்கலாமோ?" என்று கேட்பார்கள். பூசை செய்கிற ஐயருக்குக் கொடுக்கும்போது இந்தச் சந்தேகம் வருவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராஜராஜன் 48 பேரை வைத்தான். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். ஒருவர் இறந்தால், அல்லது வேறிடம் போனால், அவருடைய உறவினரில் தகுந்தவர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும் என்பது வரை ஏற்பாடு இருந்தது. தேவாரத்தின் மேல் அவனைவிடப் பக்தி கூடியவர் எந்த விழாக்குழுவில் இருக்கிறார்?

அரசனை விடுங்கள். குறிஞ்சிப் பண்ணில் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அது என்ன பதிகம்? பஞ்சகாலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாளுக்கு ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அப்பரின் காசு கடையில் அப்படியே செல்லுபடியானது. சம்பந்தரின் காசை மாற்றப் போனால் வட்டம் என்று ஒரு பங்கைக் கழித்தார்கள், அவர் மடத்து அடியார்களுக்குச் சோறு பிந்தியது. அவர் "மறுக்க முடியவில்லை" என்று பேசாமல் இருந்தாரா? கழிவில்லாத காசாகத் தாரும் என்று சிவனிடமே கேட்டுப் பாடினார். அந்தப் பாட்டையே நீங்கள் மேடையில் இலவசமாகப் பாடிவிட்டு வருகிறீர்கள். சிவனிடம் கேட்கலாம், விழாச் செயலாளரிடம் கேட்கக் கூடாதா?

என் பெரியம்மா பம்பலப்பிட்டியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். விழாவுக்குக் கூப்பிட ஆட்கள் வந்தால் அவருடைய முதல் கேள்வி, "ராக்சி வரமட்டும் அனுப்புறியளோ, திரும்பிப் போகவும் அனுப்புறியளோ?" தொகையையும் வாசலிலேயே சொல்லிவிடுவார். என்ன விழா என்பதை அதற்குப் பிறகுதான் விசாரிப்பார். வாய்க்காரி என்று பெயர் எடுத்தார். பாதிப்பேர் மறுபடி வரவில்லை, அவரும் அதைத்தான் விரும்பினார். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் வகுப்பே கிடையாது. இரண்டு சிநேகிதிகள் வருவார்கள், ஒருவர் வீணை. பெரியப்பா பேப்பரோடு வராந்தாவுக்குப் போய்விடுவார். சிறுவர்கள் நாங்கள் சத்தம் போட்டால் தொடையில் கிள்ளு விழும். ஒரே வர்ணத்தை மூன்று பேரும் மூன்று பாடாந்தரத்தில் பாடிச் சண்டை பிடிப்பார்கள். நடுவில் யாரோ ஒருவரின் மச்சாளைப் பற்றி அரை மணி நேரம் கதை ஓடும், பிறகு விட்ட இடத்திலிருந்து சரணம். 83 ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. வீணைக்கார அன்ரி கனடாவுக்குப் போனார். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு பறந்த காலத்திலும் பெரியம்மா டெலிபோனில் அவரோடு அந்தச் சண்டையைத் தொடர்ந்தார். அப்போது மட்டும் சிக்கனம் பார்த்ததில்லை.

உங்கள் சிநேகிதியின் கோபம் நியாயமானது. குடிபூரலை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய புத்தகத்துக்குப் போயிருக்கிறீர்கள். (அந்தப் புத்தகத்தை வாசித்தீர்களா?) எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த விழாக்காரர்கள் முதலில் அவரைத்தான் கேட்டிருப்பார்கள். வீட்டில் குடிபூரல், ஏலாது என்று அவர் சொன்ன பிறகு உங்கள் இலக்கத்தை அழுத்தியிருப்பார்கள். நீங்களும் ஏலாது என்றிருந்தால் வயலின்காரிக்கு அழைப்புப் போயிருக்கும், "நீங்களே பாடிவிடுங்கோவன்" என்று. கொழும்பில் இது இப்படித்தான் ஓடுகிறது. ஒருத்தி மறுத்தால் அடுத்தவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் அவர்களுக்கு இது இலவசம். சிநேகிதி மறுத்த இடத்தில் நீங்கள் போய் நின்றிருந்தால், அவருக்குக் கோபம் வந்தது குடிபூரலுக்காக மட்டும் இருக்காது.

ஆகவே டெலிபோனில் மன்னிப்புக் கேட்டு முடிக்கப் பார்க்காதீர்கள். காலி வீதியில் 101 பஸ்ஸில் ஏறினால் தெஹிவளை எவ்வளவு தூரம்? வயலின்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர் ஏசட்டும், குறுக்கே பேச வேண்டாம். ஏசி முடிந்து தேத்தண்ணி வந்ததும் ஒரு தொகை பேசி வையுங்கள். போகவும் வரவும் ஓட்டோ, சொன்ன நேரத்துக்குப் பாட்டு, பாடி முடிந்ததும் எழும்பிப் போகலாம். மூன்று பேரும் ஒரே தொகையைச் சொல்ல வேண்டும், இரக்கப்பட்டு ஒருத்தி குறைக்கக் கூடாது. குறைக்கப்போவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன், அதனால் பணம் பேசும் வேலையை வயலின்காரியிடம் விடுங்கள். இதை நவராத்திரிக்கு முன் செய்யுங்கள், புரட்டாதி பிறந்தால் உங்கள் தொலைபேசி ஓயாது.

எவ்வளவு கேட்பது என்று தெரியாவிட்டால் ஒலிபெருக்கிக்காரரிடம் மெல்ல விசாரியுங்கள். அவர் முற்பணம் வாங்காமல் பெட்டியைத் தூக்க மாட்டார்.