நிமிர்ந்து நின்றவனின் தனிமை: «டார்வின்!» இசைத்தட்டு குறித்துக் கேள்வி பதில்

ரோம் நகரத்து இசைக்குழுவான பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்சோ, 1972ஆம் ஆண்டில் ரிகோர்டி நிறுவனம் வழியாக வெளியிட்ட இரண்டாவது இசைத்தட்டு «டார்வின்!». முதல் உயிரணுவிலிருந்து இன்றைய மனிதன் வரையிலான கதையை ஏழு பாடல்களில் சொல்லும் இந்த ஆல்பத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். வந்த கேள்விகளில் எனக்கு விடை தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: குழுவின் பெயருக்கு என்ன பொருள்? யார் யார் வாசித்தார்கள்?

பரஸ்பர உதவி வங்கி என்பது நேர்ப்பொருள். நம் ஊர்க்காரர் காதுக்குப் பழகிய சொல்லில் சொன்னால், பரஸ்பர சகாய நிதி. பெயருக்கேற்ப, அதே 1972இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் உறை மண் உண்டியலின் வடிவிலேயே வெட்டப்பட்டிருந்தது. காசு போடும் துளையிலிருந்து ஓர் அட்டைப் பட்டையை இழுத்தால் அதில் குழுவினரின் முகங்கள் இருக்கும். குழுவின் மையம் விட்டோரியோ நொச்சென்ஸி, ஜியான்னி நொச்சென்ஸி என்ற சகோதரர்கள். மூத்தவர் ஆர்கனும் சிந்தசைசரும் வாசித்தார். இளையவர் பியானோவும் கிளாரினெட்டும் வாசித்தார். மார்செல்லோ தொதாரோ கிதார், ரெனாத்தோ தாஞ்செலோ பேஸ் கிதார், பியர்லூயிஜி கால்தெரோனி டிரம்ஸ். பாடியவர் ஃபிரான்செஸ்கோ தி ஜியாகொமோ.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்க வேண்டும்?

1972ஆம் ஆண்டின் ஒலிப்பதிவிலிருந்து எடுக்கப்பட்ட எந்தப் பதிப்பும் சரியே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: 1991இல் குழு தன் முதல் இரண்டு ஆல்பங்களையும் புதிதாகப் பாடி வாசித்து மறுபடி பதிவு செய்தது. அப்போது ஜியான்னி குழுவில் இல்லை, தொதாரோவும் இல்லை. அந்தப் பதிவில் தவறொன்றும் இல்லை. ஆனால் இரண்டு விசைப்பலகைகள் ஒன்றையொன்று துரத்தும் அந்த இளமைப் பதற்றம் அதில் இல்லை. அதை முதலில் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று விலகிப் போனவர்களை எனக்குத் தெரியும். உறையின் பின்பக்கத்தில் பதிவு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இதுதான் இத்தாலியின் முதல் கான்செப்ட் ஆல்பமா, அதாவது ஒரே கருவைச் சுற்றி அமைந்த முதல் ஆல்பமா?

இல்லை. பாடகக் கவிஞர் ஃபப்ரிஸியோ தெ ஆந்த்ரே 1968இலேயே «தூத்தி மோரிம்மோ ஆ ஸ்தெந்தோ» என்ற ஆல்பத்தை முழுக்க மரணத்தைச் சுற்றியே அமைத்தார். அதே ஆண்டில் நியூ ட்ரோல்ஸ் குழுவின் «சென்ஸா ஒராரியோ சென்ஸா பந்தியேரா» வந்தது. ஆகவே ஒரு கருவைச் சுற்றிப் பாடல்களைக் கோக்கும் பழக்கம் இத்தாலியப் பாடகக் கவிஞர்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1972இல் பாங்கோ செய்த புதுமை வேறு இடத்தில் இருக்கிறது: கருவைப் பாடல் வரிகளில் மட்டும் வைக்காமல் இசையின் கட்டுமானத்துக்குள்ளும் அவர்கள் கொண்டு போனார்கள். முதல் பாடலான «எவொலூஸியோனே», அதாவது பரிணாமம், ஏறத்தாழ 14 நிமிடங்கள் நீள்கிறது. கொஞ்சம் வேறு மாதிரி சிந்தித்துப் பார் என்று கேட்பவரை அழைக்கும் வரியோடு குரல் நுழைகிறது. பெரிய கடவுளர் எதையும் செய்து வைக்கவில்லை, படைப்பு தன்னைத் தானே படைத்துக்கொண்டது என்று அது தொடர்கிறது. ஒரு ராகம் முளைத்து, அது முற்றுப் பெறுவதற்குள் இன்னொன்றாக உருமாறி, தாளம் கலைந்து மீண்டும் கூடுகிறது. பல்லவிக்குத் திரும்பி வரும் வழக்கமான பாட்டு வடிவத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கவே முடியாது, ஏனெனில் பரிணாமம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதில்லை. பாடலின் இறுதிப் பகுதியில், ஒரு புதைபடிவ மண்டையோட்டில் தன் சாயலைக் காண்கிறவன், இனி ஆதாம் இருக்க முடியாது, படைப்புக்கு ஏழு நாட்கள் போதாது என்கிறான். போப்பாண்டவரின் நகரமான ரோமிலிருந்து வந்த இளைஞர்கள் இதைப் பாடினார்கள் என்பதைச் சேர்த்துக் கேட்டால் அந்த வரியின் கனம் புரியும்.

கேள்வி: விலங்கியல் ஆசிரியராகக் கேட்கிறேன். இரண்டாவது பாடல் மனித மூதாதை நிமிர்ந்து நின்றதைச் சொல்கிறது. மூன்றாவது பாடல் பெரும் ஊர்வனவற்றின் நடனம். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. காலவரிசையே தலைகீழாக இருக்கும் ஓர் ஆல்பத்துக்கு டார்வின் பெயரைச் சூட்டலாமா?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். முதலில் இசைத்தட்டை இசைத்தட்டாகவே பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் இரண்டே பாடல்கள்: உயிரின் தோற்றமும், நிமிர்ந்து நின்ற கணமும். அணுவிலிருந்து இரண்டு கால்கள் வரை ஒரே மூச்சில் அந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது. கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடுகிறார். இரண்டாம் பக்கம் ஊர்வனவற்றின் நடனத்தோடு தொடங்குகிறது. நான்கு நிமிடங்களுக்கும் குறைவான, சொற்களே இல்லாத, ஜாஸ் சாயல் கொண்ட வாத்திய இசை அது. மனிதன் இல்லாத உலகில் சொல் எப்படி இருக்கும்? என் வாசிப்பில், இரண்டாம் பக்கம் கதையைத் தொடரவில்லை, அதே கதையை வேறொரு கோணத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. முதல் பக்கத்தின் கேள்வி உடல் எப்படி உருவானது என்பது. இரண்டாம் பக்கத்தின் கேள்வி, அந்த உடலுக்குள் விழித்துக்கொண்டவனுக்கு என்ன நேர்ந்தது என்பது.

கேள்வி: பாடல்களின் வரிசையை நிறுவனம் மாற்றியிருக்கக்கூடும் அல்லவா?

அப்படிக் கருத எந்த ஆதாரமும் இல்லை. முதல் பக்கம் ஏற்கெனவே 22 நிமிடங்களைத் தாண்டுகிறது என்ற நடைமுறை உண்மை வேண்டுமானால் இருக்கிறது.

கேள்வி: மீண்டும் அதே ஆசிரியர். உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் ஐந்தாவது பாடலின் தலைப்பில் «750,000 ஆண்டுகளுக்கு முன்» என்று ஒரு எண்ணே இருக்கிறதே?

அந்த எண் நிமிர்ந்து நின்ற காலத்தைக் குறிப்பதாகப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். நிமிர்ந்த நடை அதைவிட மிகப் பழையது. «லூசி» என்று அழைக்கப்படும், 32 லட்சம் ஆண்டுப் பழமையான எத்தியோப்பிய எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது 1974இல், அதாவது இந்த ஆல்பம் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. ஆனால் தலைப்பை முழுதாகப் படியுங்கள்: «750,000 ஆண்டுகளுக்கு முன்... காதலா?» கேள்விக்குறியோடுதான் முடிகிறது. பாடல் எதையும் நிறுவ முயலவில்லை. பியானோவோடு மெல்லத் தொடங்குகிறது. நிழலில் மறைந்து நிற்கும் ஒரு குரங்கு மனிதன், நீரருகே வரும் பெண்ணை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறான். நீ என்னவளாக இருந்தால் உன் மார்பை நீர்த்துளிகளால் உடுத்துவேன் என்று நினைக்கிறான். அடுத்த கணமே, தான் பகுத்தறிவற்ற குரங்கு என்பது அவனுக்கு உறைக்கிறது. அந்த இடத்தில் தி ஜியாகொமோவின் குரல் உயர்ந்து உடைவதைக் கேளுங்கள். சொல் இன்னும் பிறக்காதவனுக்கு ஏக்கம் மட்டும் முன்கூட்டியே பிறந்துவிட்டது. இவ்வளவு துல்லியமாக இந்த வலியைச் சொன்ன ராக் பாடல் வேறொன்றை நான் கேட்டதில்லை.

கேள்வி: பரிணாமம் ஓர் ஏணி அல்ல. குரங்கு, மனிதன் என்று படிப்படியாக ஏறும் படம் டார்வினுக்கே எதிரானது. இந்த ஆல்பமும் அந்தப் பிழையைத்தான் செய்கிறது என்பது என் வாதம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது பாடலின் தலைப்பு «நிமிர்ந்த நிலையை வென்றெடுத்தல்». அந்த வென்றெடுத்தல் என்ற சொல்லில் ஏணியின் நிழல் இருக்கிறது, மறுக்க முடியாது. பெரும்பகுதி வாத்திய இசையாகவே முட்டி மோதி, பிற்பகுதியில்தான் குரல் வரும் அமைப்பும் ஒரு வெற்றியைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் அதற்குப் பின் வருவதைப் பாருங்கள். «நூறு கைகள், நூறு கண்கள்» பாடலில் கூட்டத்தின் பலமும் அதைவிட்டு ஓட நினைப்பவனின் அச்சமும் எதிரெதிரே நிற்கின்றன. பிறகு அந்தக் காதல் ஏக்கம். பிறகு «வரலாற்றுக்கு ஒரு இரங்கற்பா». அங்கே, உன் இனமே அழிந்து போனால் உன் அறிவுக்கு எவ்வளவு ஆயுள் என்று மனிதனிடம் கேட்கப்படுகிறது. கடைசியில் ஒரு சக்கரம். ஏணியில் ஏறியவனுக்கு மேலே எதுவும் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து நின்றவனுக்குத் தொடுவானம் கிடைத்தது, அதோடு தனிமையும் கிடைத்தது. ஆல்பம் சொல்ல வருவது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: முதலில் எந்தப் பதிப்பைக் கேட்கலாம்?

மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். 1972ஆம் ஆண்டின் பதிவு.

கேள்வி: இத்தாலி மொழி தெரியாது. ஐந்தாவது பாடலை மட்டும் தனியே கேட்டால் போதுமா?

போதாது. ஏழு பாடல்களையும் வரிசை மாறாமல், வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது கேளுங்கள். ஐந்தாவது பாடலின் துயரம் முந்தைய நான்கு பாடல்களின் மேல் நிற்கிறது. பிரித்து எடுத்தால் அது வெறும் அழகிய மெட்டாகிவிடும்.

கேள்வி: ஆங்கிலத்தில் பாடிய பதிப்பு உண்டா?

1975இல் எமர்சன் லேக் அண்ட் பாமர் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் மான்டிகோர் நிறுவனம் «பாங்கோ» என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பழைய பாடல்கள் சில அதில் ஆங்கில வரிகளோடு இருக்கின்றன. ஆனால் «டார்வின்!» ஆல்பத்திலிருந்து ஒரு பாடல்கூட அதில் இல்லை. இன்னோர் இத்தாலியக் குழுவான பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்கோனி 1973இல் ஆங்கிலத்தில் பாடி வெளியுலகை எட்டினார்கள். லே ஓர்மெ என்ற இத்தாலியக் குழுவின் «ஃபெலோனா எ சொரோனா»வுக்கு ஆங்கிலேயப் பாடகர் பீட்டர் ஹேமில் ஆங்கில வரிகள் எழுதினார். பாங்கோவின் தலைசிறந்த படைப்பு மட்டும் இத்தாலி மொழியிலேயே நின்றுவிட்டது. அது இழப்பல்ல என்பதே என் கருத்து. தி ஜியாகொமோவின் குரல் இத்தாலி மொழியின் நீண்ட உயிரெழுத்துகளில்தான் முழுதாக விரிகிறது.

கேள்வி: எந்த ஊசி, எந்த டர்ன்டேபிள் பயன்படுத்தலாம்?

என் துறை அல்ல. ஒலிக்கருவி அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் கேட்டேன், ஒலி நவீனமாகவும் கொஞ்சம் தட்டையாகவும் இருந்தது. ஆல்பமே அப்படித்தானா?

பதிவு ஆண்டைப் பார்த்தீர்களா? நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் 1991ஆம் ஆண்டின் பதிவாக இருக்கலாம். இதே குழப்பத்தோடு இன்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். தயவுசெய்து எந்தப் பதிப்பை வாங்க வேண்டும் என்பதற்கு மேலே எழுதிய பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பெரும் படைப்பைத் தவறான வாசல் வழியே பார்த்துவிட்டு ஒருவர் திரும்பிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கேள்வி: கடைசிப் பாடலில் கேட்கும் கிறீச்சென்ற ஒலி பதிவுக் கோளாறா?

கோளாறு அல்ல, அதுதான் சக்கரம். பாடலின் தலைப்பு: «இப்போது நான் காலத்திடம் காலம் கேட்கிறேன், அது எனக்குச் சொல்கிறது... என்னிடம் இல்லை!» கனத்த, மெதுவான, முடிவற்ற சக்கரம் ஒன்று என் எலும்புகளையும் என் மனவுறுதியையும் நசுக்குகிறது என்று பாடுகிறார்கள். எண்ணெய் காணாத அச்சு சுழல்வதுபோன்ற அந்த ஒலி, முதல் பாடலில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாராளமாக விரிந்த காலத்தை ஒரு மனிதனின் ஆயுளுக்குள் சுருக்கிவிடுகிறது. மூன்றரை நிமிடத்தில் ஆல்பம் முடிகிறது.

கேள்வி: தி ஜியாகொமோ இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ஃபெலினியின் படங்களில் நடித்தவரா?

ஆம், «சத்திரிகான்», «ரோமா», «அமர்கோர்த்» ஆகியவற்றில் சிறு வேடங்களில் தோன்றினார்.

கேள்வி: அவர் மறைவுக்குப் பிறகும் குழு இயங்குகிறதா?

2014 பிப்ரவரியில் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்தார். விட்டோரியோ நொச்சென்ஸி குழுவைக் கலைக்கவில்லை. டோனி தலெஸ்ஸியோ பாட, 2019இல் «ட்ரான்ஸிபெரியானா» வந்தது. 2022இல் இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் பழங்காவியத்தை எடுத்துக்கொண்டு «ஓர்லாந்தோ» வந்தது. 1972ஆம் ஆண்டின் முதல் உண்டியல் ஆல்பத்தை மறுபடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். அதன் தொடக்கப் பாடலில், உன் பறக்கும் குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்து என்று ஒரு வீரனை அழைக்கிறார்கள். அந்த வீரன் அஸ்தோல்ஃபோ, அதே அரியோஸ்தோவின் காவியத்திலிருந்து வந்தவன்.