லேபிள் எங்கே உட்கார வேண்டும்? வரைபடக் கேள்வி-பதில்

'ட' வடிவத்தில் ஒரு சர்வே எண். லேபிளுக்கு சென்ட்ராய்டு போட்டால் வரைபடத்தில் அதன் எண் பக்கத்து வயலில் போய் விழுகிறது. மென்பொருளில் கோளாறா? (பாப்பிரெட்டிப்பட்டி)

கோளாறு இல்லை. சென்ட்ராய்டு என்பது பரப்பளவின் சராசரிப் புள்ளி. அது நிலத்துக்குள்தான் விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. உங்கள் வயலின் இரண்டு கைகளும் வெளி ஓரத்தில் 100 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வெளி மூலையிலிருந்து இரு பக்கமும் 32.2 மீட்டரில் சென்ட்ராய்டு வரும். கையின் அகலமே 20 தான். ஆக, எண் 12 மீட்டர் தாண்டி அடுத்தவர் பட்டாவில் நிற்கிறது.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 'பாயின்ட் ஆன் சர்ஃபேஸ்' போட்டால் புள்ளி உள்ளே வந்துவிடும். ஆனால் அது தருவது அந்த ஓர் உத்தரவாதம் மட்டுமே. உயரத்தின் பாதியில் ஒரு கிடைக்கோடு போட்டு, கோடு நிலத்துக்குள் ஓடும் மிக நீளமான துண்டின் நடுவை எடுக்கும், அவ்வளவுதான். அந்த இடம் குறுகலாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

உங்களுக்கு வேண்டியது 'போல் ஆஃப் இன்அக்சஸிபிலிட்டி': எல்லைக்கோட்டிலிருந்து மிக அதிகமாக விலகி நிற்கும் உட்புள்ளி. நிலத்துக்குள் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் மையம் என்றும் சொல்லலாம். மேலே சொன்ன வயலில் கைகளுக்குள் 10 மீட்டர் ஆரத்துக்கு மேல் வட்டம் கொள்ளாது. மூலையில் 11.7 மீட்டர் கொள்ளும். எனவே எண் மூலையில் உட்காரும். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபடத் தரவுத்தளத்தில் 3.1 முதல் இதே வேலையைச் செய்யும் 'மேக்சிமம் இன்ஸ்கிரைப்டு சர்க்கிள்' இருக்கிறது. மையத்தோடு ஆரத்தையும் தருவதால் எழுத்தின் அளவை முடிவு செய்யவும் உதவும்.

க்யூஜிஐஎஸ்ஸில் அந்த 'போல்' கருவியைத்தான் ஓட்டினேன். ஆனால் கிராமப் பெயர்கள் எல்லாம் கோணல்மாணலாக, சில எல்லைக்கு வெளியேகூட விழுகின்றன. (பென்னாகரம்)

உங்கள் லேயர் (வரைபட அடுக்கு) டிகிரியில் இருக்கிறது, டாலரன்ஸ், அதாவது எவ்வளவு பிசகு இருக்கலாம் என்ற அளவு, 1 என்று விட்டிருக்கிறீர்கள். அந்த 1 என்பது 1 டிகிரி. நம் அட்சரேகையில் கிழமேலாகச் சுமார் 109 கிலோமீட்டர்!

கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால் கோளாறு புரியும். மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனம் 2016இல் வெளியிட்ட பாலிலேபிள் முறை இது. பாலிகனை, அதாவது எல்லைக்கோட்டால் மூடிய வடிவத்தை, சதுரக் கட்டங்களால் மூடும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் எல்லை எவ்வளவு தூரம் என்று அளக்கும். நடு வெளியே இருந்தால் தூரம் மைனஸ். அதோடு கட்டத்தின் அரை மூலைவிட்டத்தைக் கூட்டினால், அந்தக் கட்டத்துக்குள் அதிகபட்சம் கிடைக்கக்கூடிய தூரம் வரும். இதுவரை கிடைத்த நல்ல புள்ளியைவிட அது டாலரன்ஸ் அளவுக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் கட்டத்தை நான்காக உடைத்துத் தேடும். மூன்று கிலோமீட்டர் அகலக் கிராமத்தில் 109 கிலோமீட்டர் முன்னேற்றத்துக்கு எங்கே போவது? எதையும் உடைக்காமல், சென்ட்ராய்டையோ முதல் கட்டங்களில் ஒன்றின் நடுவையோ கையில் கொடுத்துவிடுகிறது.

லேயரை யுடிஎம்முக்கு, அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறைக்கு, மாற்றிவிட்டு ஓட்டுங்கள். இங்கே தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகையில் யுடிஎம் மண்டலம் மாறுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் 43இல். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் 44இல். லேபிள் வேலைக்காக லேயரை இரண்டாக வெட்ட வேண்டாம். மொத்தத்தையும் 44இல், அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டில் வையுங்கள். ஓசூர்ப் பக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் போல நீளும். பெயர் எழுத அது ஒரு பொருட்டே இல்லை. பரப்பளவு எடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

டாலரன்ஸ்: கிராம எல்லைக்கு 5 மீட்டர் போதும், 1:50,000 தாளில் அது 0.1 மில்லிமீட்டர். சர்வே எண்ணுக்கு அரை மீட்டர்.

30-க்கு 40 மனைகள். 'போல்' போட்டால் மனை எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் வளைந்து நெளிந்து போகின்றன. (ஓசூர்)

நீள்சதுரத்தில் இந்த முறைக்குப் பிடிமானம் கிடையாது. 15 அடி ஆர வட்டத்தை 40 அடி நீளவாக்கில் நடுப்பகுதியின் 10 அடிக்குள் எங்கே வைத்தாலும் பொருந்தும். முன்பக்கம் 30, பின்பக்கம் 31 அடி என்று ஒரு மனை இருந்துவிட்டால் போதும், வட்டம் அகலமான பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். எண் நடுவிலிருந்து ஏறக்குறைய 5 அடி நகரும். எதிர் மனையில் அகலம் மறுபக்கம் இருந்தால் அங்கே எதிர்த்திசையில் நகரும்.

ஆகவே முதல் உரிமை சென்ட்ராய்டுக்கே. அது உள்ளே விழுந்து, எல்லையிலிருந்து அதன் தூரம் 'போல்' வட்டத்தின் ஆரத்தில் 90 சதவீதமாவது இருந்தால் சென்ட்ராய்டையே வையுங்கள். இல்லாவிட்டால் மட்டும் 'போல்'. கண்ணுக்கு 'நடு' என்று படுவது பெரும்பாலும் இந்தக் கலப்பு விதியில்தான் கிடைக்கிறது. 90 என்பது வேதவாக்கு அல்ல, 85 வைத்தாலும் கெட்டுவிடாது.

வட்டம் பெரிதாகத்தான் கிடைக்கிறது. ஆனாலும் ஊர்ப் பெயர் எல்லையைத் தாண்டி வழிகிறதே? (தேன்கனிக்கோட்டை)

பெயர் வட்டமாக இல்லை, பட்டையாக இருக்கிறது. நீளவாக்கில் இடம் தேட வேண்டிய வேலைக்கு வட்டத்தை அனுப்பினால் இப்படித்தான்.

பெயரின் அகலம் உயரத்தைப் போல் 5 மடங்கு என்றால், பாலிகனைக் கிழமேலாக மட்டும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். சுருங்கிய வடிவத்தில் 'போல்' புள்ளியைக் கண்டுபிடியுங்கள். கிடைத்த புள்ளியின் கிழமேல் அளவை 5ஆல் பெருக்கித் திருப்பி வையுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் அஃபைன் டிரான்ஸ்ஃபார்ம் இதைச் செய்யும். இப்போது நீங்கள் தேடியது வட்டத்தை அல்ல, 5-க்கு 1 நீள்வட்டத்தை. அதன் ஆரம் சுருங்கிய வடிவத்தில் 150 மீட்டர் வந்தால், அதே விகிதத்தில் உள்ளே அடங்கும் பெட்டியின் உயரம் அதன் 1.41 மடங்கு, அதாவது 212 மீட்டர். 1:50,000 தாளில் 4.2 மில்லிமீட்டர். 8 பாயின்ட் எழுத்து 2.8 மில்லிமீட்டர்தான், தாராளமாக அடங்கும்.

விகிதத்தை எழுத்து எண்ணிக்கையிலிருந்து குத்துமதிப்பாக எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'பாப்பிரெட்டிப்பட்டி' நம் கணக்கில் 10 எழுத்து. யூனிகோடு கணக்கில் நீளம் 19. 19 என்று நம்பினால், அடங்கும் பெயரையும் அடங்காது என்று நிரல் தள்ளிவிடும். எழுத்துருவில் அச்சாகும் அகலத்தையே அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு வரியாக உடைத்தால் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கும்: 'தேன்கனிக்' மேலே, 'கோட்டை' கீழே. வரி இடைவெளியை மட்டும் மிகவும் நெருக்காதீர்கள். மேல்வரி உகரக் கால், கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும்.

காப்புக்காட்டுப் பாலிகனுக்குள் குடியிருப்புகள் ஓட்டைகளாக இருக்கின்றன. தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? (அஞ்செட்டி)

வேண்டாம், ஓட்டையின் ஓரமும் எல்லையாகவே கணக்கில் வரும். பிரச்சினை பொடி ஓட்டைகளால்தான். எல்லையைக் கணினியில் வரையும்போது (டிஜிட்டைஸ்) தவறி விட்ட ஒரு துக்கடா இடைவெளி, பெயரை அரை கிலோமீட்டர் தள்ளிவிடும். ஒரு நகல் எடுத்து, 'டெலீட் ஹோல்ஸ்' கருவியில் குறைந்தபட்சப் பரப்பு கொடுத்துச் சின்னதையெல்லாம் அடைத்துவிட்டு, நகலிலிருந்து புள்ளி எடுங்கள்.

ஒரே ஊராட்சி மூன்று துண்டாகக் கிடக்கிறது. எதில் எழுத? (ஊத்தங்கரை)

பெரிய துண்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பெரியது ஒல்லியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் தனித்தனியே ஆரம் எடுத்து, அதிகமானதில் எழுதுங்கள். பைத்தான் நிரலில் ஷேப்லி நூலகம் வைத்திருந்தாலும் துண்டுகளைப் பிரித்தே அதன் பாலிலேபிளுக்குக் கொடுங்கள்.

கடைசியில் கையால் நகர்த்திவிடுகிறேன். தப்பா? (காரிமங்கலம்)

தப்பே இல்லை. நூறு பெயரில் ஐந்தாறுக்குக் கை தேவைப்படும். ஆனால் க்யூஜிஐஎஸ் அந்த இடங்களைத் துணைச் சேமிப்பில், எந்த இடம் எந்த ஊருக்கு என்று அடையாளம் காட்டும் ஒரு சாவிப் புலத்தோடு கட்டி வைக்கிறது. வரிசை எண்ணைச் சாவியாகக் கொடுத்திருந்தால், லேயரை மறுபடி ஏற்றுமதி செய்யும்போது எண்கள் மாறி, ஒரு ஊரின் பெயர் வேறு ஊருக்கு ஒதுக்கிய இடத்துக்குத் தாவும். கிராமக் குறியீடு, சர்வே எண்ணோடு உட்பிரிவு என்று மாறாத ஒன்றைக் கொடுங்கள். உட்பிரிவு ஆன பிறகு அந்த எண்களின் பழைய இடங்களை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள்.