கேம்டன் நகரின் குற்ற விகிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேம்டன் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் அதே நியூஜெர்சி மாநிலத்தின் எடிசனில் வசிக்கிறோம். கேம்டன் என்றதும் நண்பர்கள் தயங்குகிறார்கள். அமெரிக்காவின் மிக ஆபத்தான நகரம் அது என்று ஒருவர் ஒரு பட்டியலைக் காட்டினார். அங்கே காவல்துறையையே கலைத்துவிட்டார்கள், அதன் பிறகு குற்றம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்கிறார் இன்னொருவர். இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? இவற்றை வைத்து ஒரு முடிவெடுக்க முடியுமா?

ஆர்., எடிசன்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மைகள். மார்கன் குவிட்னோ என்ற தனியார் பதிப்பகம் 2004-லும் 2005-லும் வெளியிட்ட பட்டியல்களில் கேம்டன் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பெயர் இன்றுவரை அதை விட்டு நீங்கவில்லை. ஆனால் அப்பட்டியல் 75,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. அதைவிடச் சிறிய ஊர்கள் எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும் அதில் இடம்பெற வாய்ப்பில்லை. கேம்டன் அந்த எல்லையைச் சற்றே தாண்டியிருந்த ஊர். காவல்துறைகளிடமிருந்து குற்றக் கணக்குகளைத் திரட்டும் எஃப்.பி.ஐ.யே, அவற்றை வைத்து நகரங்களை வரிசைப்படுத்த வேண்டாம் என்று தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

அந்த எச்சரிக்கைக்கான காரணத்தைக் கேம்டனிலேயே பார்க்கலாம். குற்ற விகிதம் என்பது ஓராண்டில் பதிவான குற்றங்களை அந்த நகராட்சியின் எல்லைக்குள் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று சொல்வது. நியூஜெர்சியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறு சிறு துண்டு. கேம்டனின் நிலப்பரப்பு ஏறத்தாழ 9 சதுர மைல்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 72,000 பேர் வாழ்ந்தார்கள். அருகிலுள்ள வசதியான செர்ரி ஹில்லில் ஏறத்தாழ 75,000 பேர். இவ்விரண்டும் ஒரே நகராட்சியாக இருந்திருந்தால், ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்படாமலேயே கேம்டனின் கொலை விகிதம் பாதியாகத் தெரிந்திருக்கும். அதோடு, சுற்றியுள்ள புறநகர்களிலிருந்து போதைப்பொருள் வாங்கக் கேம்டனின் தெருமுனைகளுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வகுக்கும் எண்ணில் இல்லை. அந்த வியாபாரத்தைச் சுற்றி நடந்த துப்பாக்கிச் சூடுகள் மட்டும் மொத்தமாக ஊரின் கணக்கில் ஏறின.

ஆனாலும் எண்கள் காட்டிய துயரம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2012-ல் கேம்டனில் 67 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 87. அதே ஆண்டில் நாடு முழுமைக்குமான விகிதம் ஐந்துக்கும் குறைவு. 2023-ல் கொல்லப்பட்டவர்கள் 17 பேர். இது நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் 2012-ன் நிலை நீடித்திருந்தால் அந்த ஓராண்டில் மட்டும் இன்னும் ஐம்பது வீடுகளில் சாவு விழுந்திருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளையும் பாருங்கள்: 2015-ல் 32, 2016-ல் 44, 2017-ல் 23. 2016-ஐ மட்டும் பார்த்தவர் நகரம் மீண்டும் சீரழிகிறது என்று எழுதியிருப்பார். அடுத்த ஆண்டை மட்டும் பார்த்தவர் அற்புதம் நிகழ்ந்தது என்று எழுதியிருப்பார். இவ்வளவு சிறிய ஊரில் இரண்டு கும்பல்களுக்கிடையிலான ஒரு பகையே ஆண்டுக் கணக்கை மாற்றிவிடும் என்பதால், ஐந்தாண்டுப் போக்கைப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது.

இனி, காவல்துறையைக் கலைத்த கதை. 2011 ஜனவரியில் நிதி நெருக்கடியால் நகரம் தன் காவலர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அடுத்த ஆண்டுதான் அந்த 67 கொலைகள். 2013 மே மாதம் நகரக் காவல்துறை கலைக்கப்பட்டு, மாவட்ட நிர்வாகத்தின் கீழ் புதிய துறை பொறுப்பேற்றது. பெயரில் மாவட்டம் இருந்தாலும், அது ரோந்து சென்றது கேம்டன் நகரத்தில் மட்டும்தான். பழைய தொழிற்சங்க ஒப்பந்தம் செல்லாததாயிற்று. அதனால் மிச்சமான பணத்தில் கூடுதல் காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஆக, காவலர்கள் இல்லாமல் குற்றம் குறைந்தது என்பது தவறு. தெருவில் நடந்துபோகும் காவலர்களின் எண்ணிக்கை கூடியது என்பதே சரி. தொடக்கத்தில் அவர்கள் மிதிவண்டியில் மணி இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பாக இருக்கிறது என்பதற்கெல்லாம் ஏழைகளுக்கு அபராதச் சீட்டு எழுதித் தள்ளினார்கள். குடிமை உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பான ஏ.சி.எல்.யு. இதைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பலப்பிரயோகத்துக்கான கடுமையான விதிமுறைகள் 2019-ல்தான் வந்தன.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. சுடப்பட்டவர்களை ஆம்புலன்சுக்குக் காத்திராமல் காவல் வண்டியிலேயே ஏற்றிக் கூப்பர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை அத்துறை மேற்கொண்டது. பிழைத்தவர் கொலைக் கணக்கில் வருவதில்லை. எனவே கொலைகளோடு துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான் வன்முறை எவ்வளவு குறைந்தது, சிகிச்சை எவ்வளவு விரைந்தது என்பது பிரிந்து தெரியும். குற்றங்களின் இந்தச் சரிவு முழுவதையும் ஒரு காவல்துறைச் சீர்திருத்தத்தின் பெயரில் எழுதுவதும் பொருந்தாது. கப்பல் கட்டும் தளம் 1967-ல் மூடப்பட்டு, ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறி, 1950-ல் ஒன்றேகால் லட்சமாக இருந்த மக்கள்தொகை கரைந்து உருவானதே கேம்டனின் பழைய வன்முறை நிலை. மாநில அரசின் பணமும் வரிச்சலுகைகளும் மருத்துவக் கல்லூரியும் வந்ததற்கும் இந்த மாற்றத்தில் பங்கு இருக்கும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, நகர விகிதம் அவருடைய அன்றாடத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. துப்பாக்கிச் சூடுகள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட தெருக்களில், ஒருவரையொருவர் அறிந்த இளைஞர்களுக்கிடையே நடப்பவை. அவற்றின் சுமையைத் தாங்குபவை அங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பின, ஹிஸ்பானியக் குடும்பங்கள். ரட்கர்ஸ் வளாகம் பென் ஃபிராங்க்ளின் பாலத்துக்கு அருகில், நகரின் மையப் பகுதியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கெனத் தனிக் காவல்துறை உண்டு. 1990-ல் இயற்றப்பட்ட கிளேரி சட்டத்தின்படி, மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் வளாகத்திலும் அதை ஒட்டிய பொது இடங்களிலும் பதிவான குற்றங்களை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். கேம்டன் வளாகத்தின் அறிக்கையை எடுத்து, மகள் சேர விரும்பும் மற்றக் கல்லூரிகளின் அறிக்கைகளோடு வைத்துப் பாருங்கள். அதன்பின் ஒரு வேலைநாளில் மகளையும் அழைத்துக்கொண்டு போய், மாலை வகுப்பு முடியும் நேரத்தில் வகுப்பறையிலிருந்து விடுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்து பாருங்கள். அங்கே படிக்கும் மாணவிகளிடம் இரவில் எந்த வழியாகத் திரும்புகிறார்கள் என்று உங்கள் மகளே கேட்கட்டும்.