2 எச்.பி. கம்ப்ரசரை 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இழுக்குமா?

பல்லடம் பக்கம் பஞ்சர் கடை, கரண்ட் போய் ஜெனரேட்டரில் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இழுக்காதுங்க. சிங்கிள் பேஸ் 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கேட்கும். வோல்டேஜ் சரிந்துவிடும். உறுமினால் உடனே நிறுத்துங்கள், காயில் கருகிவிடும். 7.5 கே.வி.ஏ. இருந்தால் நிம்மதி.

பெரிய ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன் ஒன்று. டேங்க் நிரம்பி கம்ப்ரசர் தானாக நிற்கும்போது (கட்-ஆஃப்) பிரஷர் சுவிட்ச் பக்கம் ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்று போக வேண்டும். சத்தமே வராவிட்டால் ஹெட்டில் (காற்றை அழுத்தும் மேல்பகுதியில்) காற்று அடைத்து நிற்கிறது, மோட்டார் அதை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டேங்க் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும், டேங்க் வாயிலுள்ள செக் வால்வு கசிகிறது. டேங்கைக் காலி செய்து போட்டால் ஓடுகிறது, காற்று இருக்கும்போது மட்டும் திணறுகிறது என்றால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் பெரிய ஜெனரேட்டரும் திணறும்.

ஜெனரேட்டர் இரண்டு நிமிடம் ஓடிய பிறகே கம்ப்ரசரைப் போடுங்கள். வயர் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர், நீளம் குறைவாக. லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லையென்றால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் ஜெனரேட்டர் கரண்ட் பாயும். மழை பெய்தாலும் ஜெனரேட்டரை ஷட்டருக்குள் இழுக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.