புதுச்சேரிப் பழைய திருமணப் பதிவில் பூட்டனாருக்கு ஏன் வேறு பெயர்?

பிறப்புப் பதிவில் வெறும் தமிழ்ப் பெயர், 1880களின் திருமணப் பதிவில் கூடவே ஒரு பிரெஞ்சுப் பெயர். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

காரணம், 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு அரசாணை. திருமணம், சொத்துரிமை போன்றவற்றுக்கான தங்கள் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு அப்படியொரு வழக்கமே இல்லையே, என்ன செய்வார்கள்? சிலர் முன்னோர் பெயரையே வைத்துக்கொண்டார்கள், சிலர் பிரெஞ்சுப் பெயருக்குப் போனார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது இப்படித்தான். அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போய்த் துறந்திருந்தால் ஆளுக்கொரு குடும்பப்பெயர் அமைந்திருக்கவும் கூடும்.

அப்புறம் எழுத்துக் குழப்பம். எழுத்தர் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதுவார். சந்திரசேகரன் என்ற பெயரின் கடைசியில் ஒரு ‘e’ எழுத்து ஒட்டிக்கொள்ளும். கடைசி ‘ன்’ ஒலி கெடாமலிருக்க அது வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் கிடைக்காது.

பெயரைவிட, அதே பதிவில் உள்ள பெற்றோர் பெயர், வயது, தொழில், ஊர், சாட்சிகள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். கையெழுத்தையும் பாருங்கள், பலர் தமிழிலேயே போட்டிருப்பார்கள், என் கணக்கில் அதைவிட நல்ல சான்று இல்லை. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் (Aix-en-Provence) நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் (ANOM) புதுச்சேரியின் பழைய பதிவேடுகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.