செனட்டர் எத்தனை முறை பேசினார் என்பதைவிட, எப்போது பேசினார் என்று பாருங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஒரு தமிழ் மூத்தோர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் மாநிலச் செனட்டர் ஒருவர், முதியோர் பராமரிப்புக்காக நாடாளுமன்றத்தில் தொடர்ந்து குரல் கொடுத்து வருவதாக மடல் அனுப்புகிறார். முகநூலிலும் இரண்டு நிமிட வீடியோக்கள் வருகின்றன. அடுத்த மாதம் அவரை எங்கள் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். அவர் உண்மையில் என்ன பேசினார், என்ன செய்தார் என்று நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா? எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: முடியும். காசு செலவில்லை, ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் போதும்.

நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பேசப்படும் எல்லாமே ஹான்சார்ட் என்ற பதிவேட்டில் ஏறிவிடும். நாடாளுமன்ற இணையதளத்தில் செனட்டரின் பெயரைத் தேடி அவருடைய பக்கத்துக்குப் போனால், அங்கிருந்தே அவர் உரைகளுக்குப் போகலாம். அந்தத் தேடுபொறி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் 'ஓப்பன் ஆஸ்திரேலியா' என்ற தன்னார்வத் தளத்துக்குப் போங்கள். அதே ஹான்சார்ட்டை அங்கே சுலபமாகப் படிக்கும்படி போட்டிருப்பார்கள். அந்தச் செனட்டர் பேசினாலோ, நீங்கள் கொடுத்த சொல் அவையில் வந்தாலோ மின்னஞ்சல் வரும்படியும் அங்கே செய்துகொள்ளலாம்.

ஹான்சார்ட் பக்கத்தைத் திறந்தால் செனட்டரின் பெயரும், பக்கத்தில் அடைப்புக்குள் மாநிலமும், பேசத் தொடங்கிய நேரமும் இருக்கும். எல்லோரும் நேராக உரைக்குள் போய்விடுவார்கள். நீங்கள் முதலில் மேலே உள்ள தலைப்பையும் அந்த நேரத்தையும் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஏனென்றால் அவையில் பேசுவதெல்லாம் ஒரே எடை கொண்டதல்ல. தலைப்பில் 'ஒத்திவைப்பு' என்று இருந்தால், அது அன்றைய அலுவல் முடிந்து அவை கலைவதற்கு முன் பேசியது. அந்த நேரத்தில் எதைப் பற்றியும் பேசலாம். உள்ளூர்ச் சங்கத்தை வாழ்த்தலாம், ஆலயத் திருவிழாவைப் பாராட்டலாம், அரசைத் திட்டலாம். வாக்கெடுப்பு கிடையாது, அமைச்சர் பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் கிடையாது. 'செனட்டர்களின் அறிக்கைகள்' என்ற தலைப்பும் ஏறக்குறைய அப்படித்தான். முகநூலில் வரும் துண்டுகளில் பல இந்த இரண்டு இடங்களிலிருந்து வருபவை. வீடியோவில் பின்னால் உள்ள நாற்காலிகள் காலியாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். 76 பேர் கொண்ட அவைக்குக் குறைந்தபட்ச வருகை 19 தான். அதைக்கூட யாராவது எழுந்து கேட்டால்தான் எண்ணுவார்கள். இதைச் சொல்வது அந்த உரைகளை மட்டம்தட்ட அல்ல. யாருமே பேசாத ஒரு விஷயம் முதன்முதலில் பதிவாவது பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஒருவருடைய கணக்கில் அது மட்டுமே இருந்தால், மடலில் உள்ள 'தொடர்ந்து குரல்' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும்.

'இரண்டாம் வாசிப்பு' என்ற தலைப்பு வந்தால் அது ஒரு மசோதாவின் கொள்கை பற்றிய விவாதம். இங்கே கட்சி தயாரித்துக் கொடுத்த குறிப்புகளின் வாடை அடிக்கும். ஒரே கட்சிக்காரர் மூன்று பேரின் உரையை அடுத்தடுத்துப் படித்தால், ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவருடைய சொந்தச் சரக்கு எது என்று தெரியவேண்டுமானால் அந்தப் பொதுவான வரிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இன்னொன்று: 'உரை பின்வருமாறு' என்ற பொருளில் ஒரு வரி வந்து அதன் கீழே நீண்ட உரை இருந்தால், அது அவையில் வாசிக்கப்படவில்லை, எழுத்தாகக் கொடுத்துச் சேர்க்கப்பட்டது. அமைச்சர்கள் மசோதாவை அறிமுகம் செய்யும்போது இது சர்வ சாதாரணம்.

நீளத்தையும் நம்பவேண்டாம். 1918 நவம்பரில் ஆல்பர்ட் கார்டினர் என்ற செனட்டர் தேர்தல் மசோதா ஒன்றின் மீது 12 மணி 40 நிமிடம் பேசினார். செனட் வரலாற்றில் மிக நீண்ட உரை அதுதான். அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு நேரக் கட்டுப்பாடே வந்தது.

நான் முதலில் தேடுவது 'குழு நிலை' என்ற பகுதியை. இரண்டாம் வாசிப்பு முடிந்த மசோதாவை, முழு அவையே ஒரு குழுவாக அமர்ந்து திருத்தம் திருத்தமாக எடுத்துப் பேசும் கட்டம் அது. இங்கே அலங்காரப் பேச்சு எடுபடாது. செனட்டர் எழுந்து, இந்தப் பிரிவின்படி கட்டணம் எப்போதிலிருந்து, ஏற்கெனவே காத்திருப்பவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்பார். எதிரே உள்ள அமைச்சர், பக்கத்தில் இருக்கும் அதிகாரிகளிடம் கேட்டுப் பதில் சொல்லவேண்டும். பதில் வழவழவென்று இருந்தால் அதே கேள்வி மறுபடி வரும். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் யார் மசோதாவை உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறியது. 2025 ஜூலையில் நடைமுறைக்கு வரவேண்டியது, நவம்பர் 1க்குத் தள்ளிப்போனது. வீட்டுப் பராமரிப்புக்கான 83,000 புதிய இடங்களை அந்தச் சட்டம் தொடங்கும்போதுதான் திறப்போம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் செனட்டுக்கு வந்த திருத்த மசோதாவின்போது எதிர்க்கட்சிக் கூட்டணி, பசுமைக் கட்சி, சுயேச்சை செனட்டர் டேவிட் போக்காக் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். 20,000 இடங்களை முன்கூட்டியே விடுவிக்க அரசு ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. அந்த வாரத்து ஹான்சார்ட்டை எடுத்து உங்கள் செனட்டர் என்ன சொன்னார், எந்தப் பக்கம் இருந்தார் என்று பாருங்கள். மற்ற எல்லா உரைகளையும் விட அந்த ஒரு வாரம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அடுத்து, பலர் தவறவிடும் இடம் எஸ்டிமேட்ஸ். துறை அதிகாரிகளை நேரில் உட்காரவைத்து செலவுக் கணக்கைக் கேட்கும் குழு விசாரணை இது. வழக்கமாகப் பிப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் பட்ஜெட்டை ஒட்டி ஒன்று, ஆண்டின் பிற்பகுதியில் ஒன்று. இது அவைக்குள் நடப்பதல்ல, குழுக்களுக்குத் தனி ஹான்சார்ட் உண்டு. அவை உரைகளை மட்டும் தேடினால் கண்ணில் படாமலே போய்விடும். அவையில் வாயே திறக்காதவர் போலத் தெரியும் சிலர் இங்கே அதிகாரிகளை ஒரு மணி நேரம் குடைந்திருப்பார்கள். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் போன்ற எண்களை இங்கேதான் கேட்டு வாங்கமுடியும்.

எழுத்துக் கேள்விகளையும் ஒரு பார்வை பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், கேட்ட செனட்டர் அவையில் எழுந்து அமைச்சரிடம் விளக்கம் கேட்கலாம். கேட்டுவிட்டு மறந்துபோகிறவரா, விடாமல் துரத்துகிறவரா என்பது இதில் தெரியும்.

சரி, வாக்கு? பேச்சும் வாக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க 'தே வோட் ஃபார் யூ' என்ற தளம் உதவும். ஆனால் அதில் உள்ளவை டிவிஷன்கள் மட்டுமே, அதாவது நான்கு நிமிடம் மணி அடித்து ஆட்கள் வலமும் இடமுமாகப் பிரிந்து உட்கார்ந்து பெயர் பதிவானவை. பெரும்பாலான முடிவுகள் வாய்மொழிக் குரலிலேயே முடிந்துவிடும், அங்கே யார் பெயரும் இருக்காது. ஒருவர் பெயர் டிவிஷனில் இல்லை என்றால் உடனே ஓடிவிட்டார் என்று எண்ணவேண்டாம். எதிர்த்தரப்பில் ஒருவர் வரமுடியாதபோது இந்தப் பக்கமும் ஒருவர் விலகிக்கொள்ளும் ஜோடி ஏற்பாடு உண்டு, அந்தப் பெயர்களும் ஹான்சார்ட்டில் கீழே இருக்கும். சமமாக வாக்கு விழுந்தால் தீர்மானம் தோற்றதாகவே கணக்கு. அவைத் தலைவருக்கு மற்றவர்களைப் போல ஒரே ஒரு வாக்குதான், கூடுதலாக எதுவும் இல்லை.

கட்சியை மீறி வாக்களிப்பது அபூர்வம் என்பதையும் மனதில் வையுங்கள். டாஸ்மேனியா மாநிலத்தின் முன்னாள் செனட்டர் ரெக் ரைட் 150 முறை சொந்தக் கட்சிக்கு எதிராகப் போய் வாக்களித்தார், அவர் விதிவிலக்கு. அதனால் ஒரு கட்சிச் செனட்டரிடம் 'ஏன் எதிர்த்து வாக்களிக்கவில்லை' என்று கேட்டால் பாட்டாகப் பதில் வரும். 'உங்கள் கட்சிக் கூட்டத்தில் இதை எழுப்பினீர்களா, திருத்தம் கொண்டுவரச் சொன்னீர்களா' என்று கேளுங்கள். அதற்கு மனப்பாடமாகப் பதில் சொல்வது கஷ்டம்.

அவர் அமைச்சராகவோ அவைத் தலைவராகவோ கட்சிக் கொறடாவாகவோ இருந்தால் இந்த அளவுகோல்கள் பொருந்தாது. கொறடா குறைவாகப் பேசுவது அவர் வேலையின் தன்மை.

கூட்டத்துக்கு முன் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். தேதி, தலைப்பு, ஒரு வரி மேற்கோள், அவ்வளவுதான். நிகழ்ச்சியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கோரிக்கை வையுங்கள்: உங்கள் பகுதியில் முதியோரின் பராமரிப்புத் தேவையை மதிப்பிடுபவர்களில் தமிழ் பேசுகிறவர் எத்தனை பேர் என்று எழுத்துக் கேள்வி போடுவீர்களா? அடுத்த எஸ்டிமேட்ஸில் கேட்பீர்களா? ஒப்புக்கொண்டால், முன்பு சொன்ன மின்னஞ்சல் ஏற்பாட்டில் அவர் பெயரைப் போட்டு வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அவை முடிந்த சில மணி நேரத்தில் வருவது முதல் பிரதி, பிறகு சிறு திருத்தங்களோடு இறுதிப் பிரதி வரும். சங்க இதழில் மேற்கோள் போடுவதானால் இறுதிப் பிரதியைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் நாடாளுமன்றத்தின் 'பார்ல்வியூ' தளத்தில் உள்ள வீடியோவோடு ஒப்பிடுங்கள். அவர் யாரையாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தால் அவையில் பேசியதற்கு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதையே உங்கள் சொந்த வார்த்தையில் காரம் சேர்த்து எழுதினால் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பதிவில் உள்ளதை உள்ளபடி, முன்பின் வெட்டாமல் போடுங்கள்.